கனமான சாம்பல்

நெய்வேலிக்காரர்களிடம் கறுப்பாக எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பதறமாட்டார்கள். கரி தோண்டி, கரி எரித்து, அந்த வேலையில்தான் பாதி ஊருக்கு உலை கொதிக்கிறது. எரித்தது போக மிஞ்சுவது சாம்பல். அது செங்கல்லுக்கு ஆகும், பள்ளம் மேடாக்க ஆகும், வீடு கட்டுகிறவனுக்குப் பேஸ்மட்டம் ரொப்பவும் ஆகும். சுற்றுப்பட்டில் யாரையாவது நிறுத்தி, உங்கள் வீட்டில் சாம்பல் இருக்கிறதா என்று கேட்டால், உப்பு இருக்கிறதா என்று கேட்டதுபோல்தான் பார்ப்பார்கள்.

அப்படி நல்ல பேர் எடுத்த ஒரு சொல்லுக்குள் புகுந்துகொண்டுதான் விஷம் ஊருக்குள் வந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டவள் பொற்கொடி. கூடப் பிறந்த அண்ணன் வீட்டுத் தரையையே உடைக்கவைத்த மகராசி என்று சிலர் இன்னமும் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லட்டும். நடந்தது முழுசாகத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

பொற்கொடி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். குடியிருப்பது டவுன்ஷிப்பில், கணவன் வளவனுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில். வளவன் மின்நிலையத்தில் எலக்ட்ரீஷியன், பர்மனென்ட். அவன் நைட் ஷிப்ட் முடித்து வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது அவள் கடலூர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் முதல் பூக்கட்டும் அம்மா வரைக்கும் அவளுக்கு வைத்த பேர் ‘பொல்யூஷன் மேடம்’. ஆரம்பத்தில் அதைக் கேட்டாலே மூக்கின் மேல் கோபம் வரும். பிறகு அவளே போனில் “பொல்யூஷன் பொற்கொடி பேசறன்” என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

வேலையில் அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. சோதனைக்குப் போன கம்பெனியில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஏசி அறையில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தால், “முன்பக்கம் நல்லா இருக்குது சார், பின்பக்கம் போலாமா?” என்று எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் செருப்பை வெளியிலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைகால் அலம்பிவிட்டுத்தான் உள்ளே வருவாள். வளவனையும் அப்படியே செய்யச் சொல்வாள். “எனக்கும் நோட்டீஸ் குடுத்துடாத தாயே” என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குப் போவான்.

அவள் பிறந்து வளர்ந்தது முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்துக் காலனியில். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அம்மா செங்கல் போடும் இடத்தில் சாம்பல் சுமந்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பொற்கொடியும் அண்ணன் அறிவுச்செல்வனும் அம்மாவுடன் போய்விடுவார்கள். அண்ணன் மண்வெட்டியால் அள்ளிப் பாண்டுச் சட்டியில் போட்டுத் தூக்கிவிடுவான், தங்கை சுமப்பாள். தலையில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் “கனமா இருக்குதா?” என்று கேட்பான். “இல்லண்ணே” என்பாள். ஒப்புக்குச் சொன்னது இல்லை. சாம்பல் கண்ணில் விழும், மூக்கில் ஏறும், ஆனால் கழுத்தை அமுக்காது.

பத்தாவதோடு அறிவுச்செல்வன் படிப்பை விட்டுவிட்டு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். அதனால்தான் பொற்கொடி இன்ஜினியரிங் வரைக்கும் போக முடிந்தது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியது இல்லை. அவளும் மறந்தது இல்லை. பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று காத்திருந்து அவனுக்குத் தலையும் நரைத்துவிட்டது. கடைசியில் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கூரை வீட்டை ஒட்டியே தளம் போட்ட ஒரு மெத்தை வீடு கட்ட ஆரம்பித்தான். ஆவணியில் புதுமனை புகுவிழா என்று பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அவன் வாழ்க்கையில் ஊரைக் கூட்டிச் சந்தோஷமாகக் காட்டப்போகும் ஒரே காரியம் அந்த வீடுதான்.

அந்த நேரத்தில்தான் முந்திரித் தோப்புக்குள் ஒரு ஷெட் இருப்பதாகப் புகார் வந்தது. ஆடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போவதாகத் தோப்புக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ராத்திரியில் புகை வருகிறதே என்று ஊரில் யாருமே கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் புகை வந்தால் முந்திரிக்கொட்டை வறுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பொற்கொடியும் ஜீப்பை விட்டு இறங்கியபோது முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முந்திரிப் புகை கண்ணைக் கரிக்கும். இது பல்லைக் கூசவைத்தது.

உள்ளே பழைய பேட்டரிகளை மலைபோலக் குவித்து, உடைத்து, ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த அனுமதியும் கிடையாது. பேட்டரித் தண்ணீரை அப்படியே மண்ணில் கவிழ்த்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்து தோப்பை வாடகைக்கு எடுத்த ஆள் ஒருவன் அதற்கு முதலாளி. பொற்கொடியின் மேலதிகாரியான மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் ஜியாவுதீன் அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அங்குலம் நகரமாட்டார். வருவாய்த் துறையைக் கூட்டிவந்து ஷெட்டுக்கு சீல் வைத்தார், கரண்டைத் துண்டிக்கவைத்தார், முதலாளி மேல் வழக்கும் போட்டார். மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகும் பொற்கொடி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இன்னும் என்னம்மா தேடறீங்க?” என்றார் ஜியாவுதீன்.

“உலை இவ்ளோ பெருசா இருக்குது சார். ஈயத்த உருக்கினா கசடு மிஞ்சணுமே. ஒரு கூடைகூட இங்க காணோமே.”

காவலுக்கு இருந்த ஆளைப் பிடித்து விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. கசடை இடித்துத் தூளாக்கி, ‘சாம்பல் லோடு, சும்மாவே தர்றோம்’ என்று சொல்லி டிராக்டரில் ஊர் ஊராகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எங்கெங்கே இறக்கினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. டிராக்டர் ஓட்டியவன் ஆளே அகப்படவில்லை. சும்மா கிடைக்கிற சாம்பலை வேண்டாம் என்று சொல்கிற வீடு இந்தப் பக்கத்தில் ஏது?

மறுநாளே ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவித்தார்கள். எழுதிக் கொடுத்தவள் பொற்கொடிதான். ‘ஈயம் கலந்த அபாயகரமான கழிவு தங்கள் இல்லங்களில் கொட்டப்பட்டிருப்பின் உடனடியாகத் தகவல் தெரிவிக்கவும்.’ இலக்கணம் சுத்தமாக இருந்தது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டால், “எங்க வூட்டுல அபாயம் ஒண்ணும் இல்லீங்க, சாம்பல்தான் ரொப்பியிருக்கோம்” என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். சிலர் அதைக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். மின்நிலையத்து அனுமதிப் பாஸ் இல்லாமல் சாம்பல் வாங்கியதற்குக் கேஸ் போடத்தான் ஆபீசர்கள் சுற்றுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் வீட்டில் நல்ல சாம்பல், யார் வீட்டில் கெட்ட சாம்பல் என்று பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. ஊரையெல்லாம் தோண்டிப் பரிசோதிக்கவும் முடியாது.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவளுக்கு இதே யோசனை. ஒருநாள் மந்தாரக்குப்பத்தில் சித்தாள் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி சும்மாட்டுத் துணியை உதறி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாம்பல் கழுத்தை அமுக்காது. ஈயக் கசடு அமுக்கும். தன் கழுத்துக்குத் தெரிந்த விஷயத்தை விட்டுவிட்டு இத்தனை நாள் அகராதித் தமிழில் மைக் பிடித்தோமே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

காலனியில் அம்மாவோடு வேலைக்குப் போன சாமியம்மாள் இன்னமும் சித்தாள் வேலை செய்கிறாள். பொற்கொடி அங்கிருந்து நேராக அவளிடம் போனாள்.

“அக்கா, இந்த வருஷத்துல எங்கயாச்சும் கனமான சாம்பல் சொமந்தியா?”

“ஏன் கேக்குற போ! சாம்பலா அது? இரும்ப வச்ச மாதிரி கனம். அரப் பாண்டுக்கு மேல தூக்க முடியல. கழுத்து இன்னும் வலிச்சிகினுதான் கெடக்குது.”

“யார் வூட்டுக்கு?”

சாமியம்மாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “இன்னாடி, தெரியாத மாதிரி கேக்குற? ஒங்கண்ணன் வூட்டுக்குத்தான். மொத லோடே அங்கதான எறங்குச்சு.”

பொற்கொடிக்குக் கண் முன்னால் வந்து நின்றது வீடுகூட இல்லை. பேஸ்மட்டம் ரொப்பியது போக மிஞ்சிய குவியல் வாசல் ஓரத்தில் கிடந்ததும், அண்ணன் மகள் மகிழினி அதன் மேல் ஏறி உட்கார்ந்து கைநிறைய அள்ளி விளையாடியதும்தான். போன மாதம் போனபோது அந்தக் குழந்தையின் கையைத் தட்டிவிட்டுத் தூக்கி முத்தம் கொடுத்தவளே அவள்தான். பார்த்தும் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜியாவுதீனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் கையிலிருந்த பைலை மூடி வைத்தார். “உறவுக்காரங்க வீட்ல நீங்க சாம்பிள் எடுக்கக்கூடாதும்மா. நானே வந்து எடுக்கறேன். நீங்க தள்ளி நில்லுங்க, கஷ்டமா இருக்கும்.”

“சாம்பிள் நீங்களே எடுங்க சார். ஆனா சொல்றத நான்தான் சொல்லணும். நீங்க போய்ச் சொன்னா அது ரெய்டு. நான் சொன்னா அது எங்க வூட்டுப் பேச்சு.”

ஜியாவுதீன் வாசல் குவியலில் எடுத்துப்போன சாம்பிளுக்குப் பரிசோதனை முடிவு வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு போனபோது அறிவுச்செல்வன் முன்கூடத்தில் டைல்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நடுவில் தாமரைப்பூ போட்ட டைல்ஸ். அதைத் தேடி விருத்தாசலம் வரைக்கும் அலைந்திருந்தான். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவன், கடைசியில் துணியைக் கீழே போட்டான்.

“வாசல்ல இருக்கறத வாரிகினு போ. தரைக்கு அடியில இருக்கறது இன்னா பண்ணும்? மூடியாச்சு இல்ல?”

“மழத் தண்ணி எறங்குச்சுன்னா அதுவும் கூடவே எறங்கும்ணே. பக்கத்துலயே போரு. அந்தத் தண்ணியத்தான நீங்க குடிக்கப்போறீங்க?”

“பத்திரிக வச்சாச்சு. ஊரையே கூப்ட்டாச்சு. இப்ப வந்து ஒடைக்கச் சொல்ற. நீ இன்னா தங்கச்சியா வந்துகிறியா, ஆபீசரா வந்துகிறியா?”

“நீ தூக்கிவிட்ட சாம்பலச் சொமந்தவளா வந்திருக்கன்” என்றாள்.

அவன் விடுவிடுவென்று வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு பல நாள் அவளுடைய போனை எடுக்கவில்லை. வளவன் சமாதானம் பேசப் போனதற்கும், “ஒம் பொண்டாட்டி பொல்யூஷன ஒங்க குவார்ட்டர்ஸ்லயே வச்சுக்கச் சொல்லு மாப்ள” என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

அண்ணி ருக்குமணி அதிகம் பேசாதவள். பொற்கொடி சொன்னதைக் கேட்டு அவள் மட்டும் மகிழினியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கிறது என்று வந்தது. இப்போதே நிறுத்திவிட்டால் மெல்ல மெல்ல இறங்கிவிடும், இன்னும் அதிலேயே புழங்கினால் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டர். ருக்குமணி நேராக வீட்டுக்கு வந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு புது வீட்டுக் கூடத்தில் போய் நின்று, தாமரைப்பூவின் நடுவிலேயே ஒரு போடு போட்டாள்.

சத்தம் கேட்டு அறிவுச்செல்வன் ஓடிவந்தான்.

“பத்திரிக வச்சாச்சேன்னுதான பாக்குற?” என்றாள் ருக்குமணி. “சனம் வரட்டும். வந்து இதப் பாக்கட்டும். எம் பொண்ணவிட இந்த டைல்ஸு பெருசா?”

அவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு லீவுகூடப் போடாத மனுஷன், ஊர் கேட்க அழுதான். பிறகு அவனே எழுந்து தங்கச்சிக்குப் போன் பண்ணி, “வந்து எடுத்துகினு போ” என்றான்.

வாரியத்தின் ஏற்பாட்டில் ஆட்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் கிட்டே வராமல் தடுத்தார்கள். முகமூடியும் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தோண்டினார்கள். கெட்டியான பைகளில் கட்டி, மூடிய லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த மாதிரிக் கழிவை மண்ணில் இறங்காதபடி அடைத்துவைக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அள்ளிய பிறகும் அடி மண்ணை எடுத்துப் பரிசோதித்தார்கள். சரியில்லை என்று மறுபடி தோண்டினார்கள். இந்தச் செலவு முழுவதையும் ஷெட் முதலாளி தலையில் கட்டினார் ஜியாவுதீன். பொற்கொடி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, அண்ணன் வீடு பள்ளமாவதைக் கடைசிவரைக்கும் பார்த்தாள். கஷ்டமாக இருக்கும் என்று மேலதிகாரி சொன்னதில் பொய் இல்லை.

ஆவணி முகூர்த்தம் வந்தது. புதுமனை புகுவிழாவுக்கு வந்த சனத்துக்குப் புகுவதற்கு மனை இல்லை. கதவு, நிலை, மாவிலைத் தோரணம் எல்லாம் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆளுயரப் பள்ளம். பந்தியை மாரியம்மன் கோயில் மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். மொய்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆளாளுக்கு முழித்தார்கள்.

பாட்டுப் போடுவதற்கு வைத்திருந்த மைக்கை வாங்கினாள் பொற்கொடி. இந்தத் தடவை கையில் எழுதிய காகிதம் இல்லை.

“எல்லாரும் எங்கண்ணன் வூட்டப் பாத்துட்டு வந்துகிறீங்க. அங்க கெடந்தது சாம்பல் இல்லீங்க, ஈயக் கசடு. எங்க வூட்டுப் புள்ள ரத்தத்துல ஏறிடுச்சு. உங்க மேல கேஸு கெடையாது. எடுக்கற செலவும் உங்களுது இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறன். யார் வூட்டுக்காச்சும் கனமான சாம்பல் வந்துச்சா?”

பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த சாமியம்மாள் எழுந்தாள். “நான் சொமந்தது எல்லாம் நான் சொல்றன். அய்யனாரு வூட்டுக்குக் கனம். ரைஸ்மில்லு சந்துல கனம்.” தன் பேரை அவள் சொல்லிவிடுவதற்குள் தானே சொல்லிவிடுவோம் என்று இன்னொருவர் எழுந்தார். “எங்க மாட்டுக் கொட்டாயில ரொப்பினது கனம்தாங்க. டிராக்டரு டயரே அமுங்குச்சு.” அப்புறம் ஒரு பெண் தயங்கித் தயங்கி, “பால்வாடி வாசல்ல கொட்டினதும் அதானுங்க” என்றாள். பால்வாடி என்றதும் கூட்டமே எழுந்து நின்றுவிட்டது. பாயசம் வருகிறவரை யாரும் உட்காரவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன்பே எல்லா இடத்தையும் அள்ளி முடித்தார்கள். முதலில் சுத்தமானது பால்வாடி வாசல். சந்தேகப்பட்ட குழந்தைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஏறியிருந்தது, தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். தோப்பில் ஷெட் இருந்த இடத்து மண்ணை எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அதற்கு வருஷமாகும் என்கிறாள் பொற்கொடி. சனிக்கிழமை ஆனால் லீவையும் பார்க்காமல் அங்கே போய் நிற்கிறாள். அவளைக் கண்டதும் கதவைச் சாத்திய வீடுகளில் இப்போது, “பொல்யூஷன் மேடம், இந்த மூட்டையில இன்னா இருக்குது, கொஞ்சம் பாத்துட்டுப் போங்க” என்று கூப்பிட்டு நிறுத்துகிறார்கள்.

அண்ணன் மட்டும் அவளிடம் பேசவில்லை. ஆபத்து தீர்ந்தது அவனுக்குப் புரிந்திருந்தது. ஆனால் ஊர் முன்னால் வாய்பிளந்து நின்ற வீட்டை அவனால் மறக்க முடியவில்லை. அவளும் அவனை அவசரப்படுத்தவில்லை. மகிழினிக்கு ரத்தத்தில் அளவு இறங்கிவிட்டது என்று ருக்குமணிதான் போனில் சொன்னாள். அதோடு, “ஞாயித்துக்கெழம பேஸ்மட்டம் ரொப்பறோம், செம்மண்ணு வருது” என்றும் சொன்னாள். அவன்தான் சொல்லச் சொன்னானா என்று இவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி போனபோது வாசலில் செம்மண் கொட்டிக் கிடந்தது. அறிவுச்செல்வன் மண்வெட்டியோடு நின்றிருந்தான். சாமியம்மாளும் இன்னும் சிலரும் சுமந்துகொண்டிருந்தார்கள். பொற்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்து, வரிசையில் போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். பாண்டை நிரப்பினான். இரண்டு கையாலும் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே கேட்டான்.

“கனமா இருக்குதா?”

செம்மண் கழுத்தை நன்றாகவே அமுக்கியது. “இருக்குதுண்ணே” என்றாள்.

“அப்ப இதையும் தோண்டிடணுமா?”

சாமியம்மாள் முதலில் சிரித்தாள். பொற்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தலையில் பாண்டு இருந்ததால் துடைக்க முடியவில்லை. அண்ணனே தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “போ, போய்க் கொட்டு, பின்னாடி ஆளு நிக்குது” என்றான்.